கப்பலுக்கு முன்னால் வந்த பேர்

நடுவர் அவர்களே, என் அணித் தலைவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன், அக்கா, தம்பி மூவருக்கும் வணக்கம். மலேசியாவில் நம் பந்திங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கேரித்தீவிலிருந்தும் வேலை முடிந்த கையோடு குளித்துக் கிளம்பி இந்தக் கோயில் மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். வழக்கமாகப் பட்டிமன்றம் என்றால் பணமா பாசமா, மாமியாரா மருமகளா என்றுதான் தலைப்பு வைப்போம். இந்த முறை பிள்ளைகள் விளையாடும் விளையாட்டிலிருந்தும் படிக்கும் கதையிலிருந்தும் தலைப்பு எடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம்.

தலைப்பு இதுதான். கற்பனை உலகக் கதைகளில் ஏழு கடலும் நடுங்கும்படி ஒரு கடற்கொள்ளையன் வருகிறானே, அவனை அப்படிப் பெரிய ஆளாக்குவது அவன் கையிலுள்ள வாளா, அவனைப் பற்றி ஊர் பேசும் பேச்சா? எதிரணி வாள் என்கிறது. நான் பேச்சு என்கிறேன்.

எதிரணி சொன்னதை முதலில் ஒழுங்காக எடுத்து வைத்துக்கொள்கிறேன். அண்ணன் சொன்னார்: வெட்டியவனைப் பற்றித்தான் ஊர் பேசும், சும்மா இருந்தவனைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்? தம்பி சொன்னார்: கற்பனை உலகத்துக் கொள்ளையனிடம் சாகாவரம் இருக்கிறது, சாபம் பிடித்த வாள் இருக்கிறது, கூப்பிட்ட குரலுக்கு வரும் கடல் பூதம் இருக்கிறது, அந்தச் சக்தியைப் பார்த்துத்தான் பயம் வருகிறது. அக்கா சொன்னது வேறு மாதிரி. வாளுக்குப் பலியானவர்களை மறந்துவிட்டுப் பேச்சைக் கொண்டாடாதீர்கள் என்றார். அதற்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அக்காவுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் தம்பி.

தம்பி, நீங்கள் சொல்லும் கதைகளில் அந்தக் கொள்ளையன் எப்போது வருகிறான் என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் அத்தியாயத்தில் அவன் இல்லை. ஒரு துறைமுகம், விடாத மழை, ஒரு சாராயக்கடை. ஊருக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் தெரியாத்தனமாக ஒரு பேரைச் சொல்லிவிடுகிறான். கடையில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் கிழவன் கோப்பையைக் கீழே வைக்கிறான். கடைக்காரன் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்து, “அந்தப் பேரை இங்கே சொல்லாதே” என்கிறான். அவ்வளவுதான். உறையிலிருந்து வாள் வரவில்லை, கடலில் கப்பல் தெரியவில்லை. ஆனால் படிக்கிற நமக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நூறு பக்கம் கழித்து அவன் வந்து நிற்கும்போது அவன் ஒன்றுமே செய்ய வேண்டாம், நின்றாலே போதும். பயப்பட வேண்டிய பயத்தையெல்லாம் நாம் ஏற்கெனவே பயந்து வைத்திருக்கிறோம்.

இதையே திருப்பிப் போட்டு எழுதிப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே அவன் வருகிறான், பத்துப் பேரை வெட்டுகிறான். யாரும் அவனைப் பற்றி அதற்கு முன் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது அவன் யார்? ஒரு ரௌடி. இருபதாம் பக்கத்தில் இருபது பேரை வெட்டுகிற இன்னொருவன் வந்தால் இவனை மறந்துவிடுவோம்.

சரி, சாபம் பிடித்த வாளுக்கு வருவோம். தம்பியின் வாதத்தில் இருக்கும் ஓட்டையே அதுதான் என்று நினைக்கிறேன். கற்பனை உலகத்தில் சக்திக்கா பஞ்சம்? அங்கே மந்திரவாதி மலையைத் தூக்குவான், குழந்தை நெருப்பை ஊதும், மீன் விற்கிற கிழவிகூட ஒரு மந்திரம் வைத்திருப்பாள். எல்லார் கையிலும் சக்தி இருக்கிற உலகத்தில் இவன் ஒருவன் பேருக்கு மட்டும் ஏன் சன்னலைச் சாத்துகிறார்கள்? சக்தி எல்லாருக்கும் பொது. பேர்தான் இவனுக்கு மட்டும் உரியது. ‘அவன் செத்து மூன்று முறை எழுந்தானாம்’, ‘அவன் கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு நிழல் கிடையாதாம்’ என்று கப்பலுக்குக் கப்பல் ஒன்று கூட்டிச் சொல்லிக்கொண்டே போகிறார்களே, அந்த ‘ஆம்’தான் அவனுடைய சக்தி. அதை எடுத்துவிட்டால் அவனிடம் மிச்சம் இருப்பது ஒரு மரக்கப்பலும் துருப்பிடிக்கிற இரும்பும்.

இந்தக் கற்பனைக் கொள்ளையர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் கிடையாது. தாடியில் புகை, கறுப்புக் கொடி, பேய் மாதிரித் தோற்றம் என்று கதைக்காரர்கள் எடுத்துப் பூசுகிற சாயத்தில் பாதி, வாழ்ந்த ஒரு மனிதரிடமிருந்து வந்தது. அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கட்சிக்கு அவரைவிடப் பெரிய சாட்சி இல்லை.

பேர் எட்வர்ட் டீச். கருந்தாடி என்று சொன்னால் பிள்ளைகளுக்குத் தெரியும். முகத்தை மறைக்கும் தாடி, அதைப் பின்னிப் பின்னி நாடா கட்டியிருப்பாராம். அந்தக் காலத்தில் பீரங்கிக்கு நெருப்பு வைக்க ஒரு திரி உண்டு. சணல் கயிற்றை வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பற்றவைத்தால் சுடர் விட்டு எரியாது, கனன்று கனன்று புகைந்துகொண்டே இருக்கும். அந்தத் திரியைத் தொப்பிக்குக் கீழே, முகத்தின் இரண்டு பக்கமும் செருகிப் பற்றவைத்துக்கொண்டுதான் அவர் சண்டைக்கு நிற்பார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தத் திரியால் யாருக்கும் ஒரு கீறல் விழாது. புகை முதலில் எரிச்சலூட்டுவது அவர் கண்ணைத்தான். ஆனாலும் அதைச் செருகிக்கொண்டு நிற்கிறார் என்றால் யாருக்காக? எதிரே வருகிற கப்பலில் நிற்பவனுக்காக. அவன் தப்பிப் போனால் அடுத்த துறைமுகத்தில் என்ன சொல்வான் என்பதற்காக.

இந்த வர்ணனை வந்தது 1724-இல் லண்டனில் வெளியான ஒரு புத்தகத்தில். அப்போது டீச் இறந்து ஆறு வருஷம் ஆகப் போகிறது. எழுதியவர் தன் பேர் என்று போட்டிருப்பதே புனைபெயர் என்றுதான் பலரும் கருதுகிறார்கள். அதாவது அந்த மனிதர் போன பிறகு, முகம் தெரியாத ஒருவர் எழுதிய பேச்சுதான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த கருந்தாடி.

அண்ணன் கேட்பார், வெட்டாமலா பேர் வந்தது என்று. அண்ணே, 1718 மே மாதம் அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை டீச் மறித்து நின்றார். அவருடைய பெரிய கப்பல் முந்தைய நவம்பரில் பிடித்த பிரெஞ்சு அடிமைக் கப்பல், பீரங்கி ஏற்றிப் பேர் மாற்றி வைத்திருந்தார். உள்ளே வந்த கப்பலையும் வெளியே போன கப்பலையும் பிடித்தார். ஊர்ப் பெரிய மனிதர்களைப் பிணையாக வைத்துக்கொண்டார். ஊரே நடுங்கியது. அப்படி நடுங்க வைத்துவிட்டு அவர் கேட்டது என்ன தெரியுமா? ஒரு மருந்துப் பெட்டி. கொடுக்காவிட்டால் தலைகள் வந்து சேரும் என்று மிரட்டல். பெட்டி வந்தது. பிணையாளிகளிடம் இருந்ததைப் பறித்துக்கொண்டு, உடுப்பையும் உருவிக்கொண்டு, உயிரோடு கரைக்கு அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் அந்தப் பெரிய கப்பல் மணல் திட்டில் ஏறிக் கெட்டது. அதன் சிதைவை 1996-இல் கண்டுபிடித்தார்கள். கடலடியிலிருந்து எடுத்த பொருள்களில் பீரங்கிகளோடு மருந்து ஏற்றும் ஊசிக்குழாயும் இருந்தது. உலகம் பயந்த கப்பலில் நோயாளிகள் படுத்திருந்திருக்கிறார்கள். அது வெளியே தெரிந்திருந்தால் யார் பயந்திருப்பார்கள்? வெளியே தெரிந்தது புகை மட்டும்.

தன் கடைசிச் சண்டைக்கு முன்னால் டீச் ஒரு ஆளைக் கொன்றதாக நம்பத்தகுந்த பதிவு எதுவும் இல்லை என்று வரலாறு படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கடைசிச் சண்டை 1718 நவம்பர் 22, ஒக்ராகோக் தீவுக்குப் பக்கத்தில். கடற்படை லெப்டினன்ட் மேனார்ட் தன் ஆட்களைக் கீழ்த்தளத்தில் ஒளித்து வைத்தார். கிட்டத்தட்ட எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று நம்பி டீச் அந்தக் கப்பலில் தாவி ஏறினார். ஒளிந்திருந்தவர்கள் மேலே வந்தார்கள். உடம்பில் ஐந்து குண்டு, இருபது வெட்டு. தலையை வெட்டிக் கப்பலின் முன்கொம்பில் தொங்கவிட்டுக் கொண்டு போனார்கள். நடுவர் அவர்களே, வாளுக்கு வாள் என்று நேராக நின்ற நாளில் அவர் தோற்றார். எதிரணியின் கட்சி சரியாக இருந்தால் கருந்தாடியின் கதை அன்று சாயங்காலமே முடிந்திருக்க வேண்டும். என்ன ஆனது? தலையில்லாத உடம்பு கப்பலைச் சுற்றிச் சுற்றி நீந்தியது என்று பேச ஆரம்பித்தார்கள். இன்றைக்கு வரைக்கும் அந்த உடம்பு நீந்திக்கொண்டுதான் இருக்கிறது. கற்பனை உலகக் கதைகளில் வரும் சாகாவரம் பெற்ற கொள்ளையர்களில் எத்தனை பேர் இந்த ஒரு பேச்சுக்குப் பிறந்தவர்களோ.

இதற்குப் பின்னால் ஒரு தொழில் கணக்கும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொள்ளையனுக்குச் சண்டை நஷ்டம். சண்டை நடந்தால் பிடிக்கப் போகிற கப்பல் உடையும், சரக்கு நனையும், தன் ஆளும் சாவான். கை காலை இழந்தவனுக்குப் பொதுப் பணத்திலிருந்து நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று கொள்ளையர்கள் தங்களுக்குள்ளேயே சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். ஆகவே அவர்கள் ஆசைப்பட்டதெல்லாம் எதிரி சண்டையே போடாமல் கைதூக்க வேண்டும் என்றுதான். கறுப்புக் கொடி அதற்குத்தான். நான் இன்னார், பேர் கேள்விப்பட்டிருப்பாய், இறங்கு என்று தூரத்திலிருந்தே சொல்லும் துணி.

பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்று ஒருவர், மூன்று வருஷத்துக்குள் நானூறு கப்பல் பிடித்ததாகச் சொல்வார்கள். 1720 ஜூனில் நியூபவுண்ட்லாந்தில் ட்ரெபாசி என்ற துறைமுகத்துக்குள் ஒரே ஒரு கப்பலோடு நுழைந்தார். உள்ளே 22 கப்பல் நின்றது. இவர் என்ன செய்தார்? கறுப்புக் கொடியை ஏற்றினார், முரசு கொட்டினார், எக்காளம் ஊதினார். 22 கப்பலின் ஆட்களும் குதித்துக் கரைக்கு ஓடிவிட்டார்கள். ஒன்றுக்கு இருபத்திரண்டு! வாள் எண்ணிக்கை யார் பக்கம் இருந்தது என்று அண்ணன் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு இது புதுசு கிடையாது. எங்கள் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், விடியாத இருட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது துரையின் மோட்டார்க் காடிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே வரிசை தானாக நேராகிவிடும் என்பார். ஆனால் அந்தத் துரை கைநீட்டி அடித்ததை அம்மா ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரைப் பிரம்பால் அடித்தாராம் என்ற பேச்சு மட்டும் காதில் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களைக் கேட்டால் அவர்கள் அதற்கு அடுத்த தோட்டத்தைக் கைகாட்டினார்களாம். அந்தப் பேச்சு இருந்ததால் கணக்கெழுதும் கிராணி குறைத்து எழுதினாலும் கேட்க வாய் வரவில்லை. பயம் எவ்வளவு மலிவாகக் கிடைக்கும், எவ்வளவு நாளைக்கு உழைக்கும் என்று தோட்டத்து ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அண்ணன் சீனக் கடலின் கொள்ளைத் தலைவி செங் யீ சாவ் அம்மையாரைச் சொன்னார். நூற்றுக்கணக்கான கப்பல் வைத்திருந்தவர், அது வாள்பலம் இல்லையா என்றார். வாள்பலம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கதையில் மறக்க முடியாத இடம் எது? 1810-இல் பேச்சுவார்த்தை முறிந்து கிடந்தபோது, ஆயுதம் இல்லாமல், பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காண்டனில் ஆளுநரின் மாளிகைக்கே நடந்து போனார். பேசினார். மன்னிப்பு வாங்கினார். 1844 வரை உயிரோடு இருந்து வயதாகிப் போய்ச் சேர்ந்தார். வாளை நம்பி இருந்திருந்தால் கருந்தாடியின் தலை தொங்கிய மாதிரி அவர் தலையும் எங்கேயாவது தொங்கியிருக்கும்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். இதுவரை பேசியதைவிட எனக்கு இது முக்கியம்.

ஒரே ஆள், ஒரே வாள். ஒரு கரையில் கொள்ளையன், மறு கரையில் வீரன். இதை எதிரணி எப்படி விளக்கும்? குஞ்ஞாலி மரைக்காயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னருக்குக் கடற்படைத் தலைவர்களாக இருந்த குடும்பம். தங்களிடம் காசு கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்காத கப்பலைப் போர்ச்சுகீசியர் பிடித்துக்கொள்வார்கள். அதை எதிர்த்து ஒரு நூற்றாண்டு சண்டை போட்டவர்கள் மரைக்காயர்கள். கடைசிக் குஞ்ஞாலியைத் தன் மன்னரே போர்ச்சுகீசியரோடு சேர்ந்து முற்றுகையிட்டார். 1600-இல் சரணடைந்தவரைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். தலையைக் கண்ணூரில் காட்சிக்கு வைத்தார்கள். போர்ச்சுகீசியர் எழுத்தில் அவர் கடற்கொள்ளையர். மலபார்க் கரையின் பேச்சில் அவர் காவலர். இன்று மும்பையில் இந்தியக் கடற்படையின் தளம் ஒன்றுக்குக் குஞ்ஞாலி என்றே பேர். வாள் மாறவில்லையே, நடுவர் அவர்களே. மாறியது பேசிய வாய்.

நம் சங்க இலக்கியத்திலும் கடற்கொள்ளையர் இருக்கிறார்கள். மேற்குக் கடலில் தீவில் இருந்துகொண்டு கப்பல்களுக்குத் தொல்லை கொடுத்தவர்களை நெடுஞ்சேரலாதன் அடக்கி, அவர்களுடைய காவல்மரமான கடம்பை வெட்டி அதில் முரசு செய்தான் என்று பதிற்றுப்பத்து பாடுகிறது. அந்தக் கடலில் கொள்ளையர் பயம் இருந்ததை ரோமானியர்களும் எழுதியிருக்கிறார்கள். அப்படிப் பயமுறுத்தியவர்களின் தலைவன் பேர் என்ன? அதை யாரும் பாடி வைக்கவில்லை. ஒரு மரத்தின் பேர் மட்டும் மிஞ்சியது. அவர்களிடமும் வாள் இருந்திருக்கும், அவர்களில் ஒருவன் வளைந்த தாடி வைத்து ஊரை நடுங்க வைத்தும் இருப்பான். அவனுக்குப் புலவன் இல்லை, ஆகவே அவன் இல்லை.

கடைசியாக, இந்த மண்டபத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரம். மோரிப் போகிறவர்களுக்கு ஜூக்ரா மலை தெரியும், மேலே கலங்கரை விளக்கம் நிற்கிறது. சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட் இருந்து ஆண்ட இடம் அது, அவர் அடக்கமும் அங்கேதான். 1873 நவம்பரில் மலாக்கா வணிகர்களின் படகு ஒன்றை ஜூக்ரா ஆற்றுமுகத்துப் பக்கம் கொள்ளையர் தாக்கினார்கள், ஆட்களைக் கொன்றார்கள். அது நடந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1874 பிப்ரவரியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இந்த ஆற்றுமுகத்துக்கு வந்து நின்றன. விசாரணை, மரண தண்டனை. அதே வருஷம் பிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற இளம் அதிகாரி லங்காட்டில் சுல்தான் பக்கத்திலேயே தங்குவதற்கு அனுப்பப்பட்டார். பிறகு, சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பேரில் ஆங்கிலேய அதிகாரி ஆளும் ரெசிடெண்ட் ஆட்சி. சிலாங்கூருக்குள் ஆங்கிலேயர் கால் வைப்பதற்குச் சொன்ன காரணங்களில் இந்தக் கொள்ளைப் பேச்சு முன்வரிசையில் நிற்கிறது. கொன்றது சில வாள்கள். ஒரு மாநிலத்தின் கதவைத் திறந்தது, இந்தக் கடலே கொள்ளையர் கடல் என்ற பேச்சு. அந்தக் கதவு வழியாகத்தான் பின்னால் ரப்பர் வந்தது, தோட்டம் வந்தது, நம் தாத்தா பாட்டி கப்பலேறி வந்தார்கள். பின்வரிசைப் பிள்ளைகளே, நீங்கள் விளையாட்டில் பார்க்கிற கொள்ளையனுக்கும் நீங்கள் பிறந்த லயத்து வீட்டுக்கும் இவ்வளவு கிட்டத்து உறவு இருக்கிறது.

அந்தப் பேச்சு நம் காலத்திலும் காசுக்கு ஓடியது. 2005-இல் லண்டன் காப்புறுதிச் சந்தைக்காரர்கள் நம் மலாக்கா நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் சேர்த்தார்கள். மூன்று நாட்டுக் கடற்படையும் சேர்ந்து ரோந்து போக ஆரம்பித்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. பட்டியலிலிருந்து எடுத்தது 2006 ஆகஸ்டில். அதுவரை அந்தப் பேருக்கான காப்புறுதிச் செலவைக் கப்பல்காரர்கள் சுமந்தார்கள்.

இப்போது அக்கா.

அக்கா, நீங்கள் பலியானவர்களைப் பற்றிப் பேசினீர்கள். என் அணி அவர்களை மறக்கவில்லை. அவர்களுக்காகவே நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கொள்ளையனின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். 1695 செப்டம்பரில், மக்கா போய்விட்டுச் சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஔரங்கசீப்பின் பெரிய கப்பலை அவன் கூட்டம் பிடித்தது. அதில் இருந்தவர்கள் யாத்திரை முடித்து வந்தவர்கள், பெண்கள் நிறையப் பேர். நாள்கணக்கில் நடந்த கொடுமையைப் பிள்ளைகள் முன்னால் விவரிக்க மாட்டேன். பெண்கள் சிலர் மானத்தைக் காக்கக் கடலில் குதித்ததாக முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதி வைத்திருக்கிறார். ஔரங்கசீப்பின் கோபத்தில் சூரத்தில் இருந்த ஆங்கிலேய வணிகர்கள் விலங்கு பூட்டப்பட்டார்கள். எவரி தலைக்கு விலை வைத்தார்கள். அவன் ஆட்கள் ஐந்து பேரை 1696-இல் லண்டனில் தூக்கில் போட்டார்கள். எவரி அகப்படவே இல்லை. அயர்லாந்து வரை வந்தான், அதோடு சரி.

அவன் வாள் எங்கே போனதோ தெரியாது. பேச்சு மட்டும் வளர்ந்தது. மடகாஸ்கரில் ராஜாவாக இருக்கிறான் என்றார்கள். அவனுக்குத் தனிக் கோட்டை, தனிக் கப்பல்படை என்றார்கள். அந்தக் கப்பலில் ஔரங்கசீப்பின் பேத்தி இருந்தாளாம், இவனைக் கண்டு மனம் மயங்கினாளாம், கலியாணம் கட்டிக்கொண்டாளாம் என்றார்கள். லண்டனில் அதை அச்சடித்து விற்றார்கள், மேடையேற்றினார்கள். காசு கொடுத்துப் பார்த்தவர்கள் கைதட்டினார்கள். கடலில் குதித்த பெண்கள் போன இடத்தில் ஒரு கலியாணப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

நேரம் முடிந்ததற்கு மணி அடித்துவிட்டார்கள். அண்ணன் அடுத்த சுற்றில் எழும்போது எனக்கு இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்தக் கப்பலில் வாள் செய்ததைக் கலியாணமாக மாற்றிக் காட்ட எந்த வாளால் முடியும்?

நன்றி, வணக்கம்.